நிலம் வடித்த புலி

நுழையும்முன்

புலி என்றவுடன் மனத்தில் ஓர் உருவம் எழும். மஞ்சள் உடல், கறுப்புக் கோடுகள், பெரிய தலை, ஓசையின்றி நடக்கும் பாதங்கள். ஆனால், அந்த உருவம் எல்லாக் காடுகளிலும் ஒரே அளவினதாக இருப்பதில்லை. பனி உறைந்த உருசியக் காட்டில் ஒரு புலி வாழ்கிறது. உப்புநீரும் சேறும் சூழ்ந்த சுந்தரவனத்தில் மற்றொரு புலி வாழ்கிறது. இரண்டும் ஒரே இனம். எனினும் ஓரிடத்துப் புலியின் எடை வேறோர் இடத்துப் புலியின் எடையைப்போல் இரு மடங்காகவும் இருப்பதுண்டு. இந்த வேறுபாடு ஏன் ஏற்பட்டது? அதனை அறிஞர் எவ்வாறு அளந்தறிந்தனர்? அந்த அறிவு புலியைக் காப்பதற்கு எவ்வாறு துணைசெய்கிறது? இவற்றை இப்பாடம் விளக்குகிறது.

பெயரில் உள்ள புலி

தமிழில் புலிக்குப் பெயர்கள் பல. வேங்கை, உழுவை, வல்லியம், கொடுவரி, பாய்மா, வயமா என்பன அவற்றுள் சில. 'கொடுவரி' என்பது வளைந்த கோடுகளை உடையது என்று பொருள்படும். 'பாய்மா' என்பது பாயும் விலங்கு. 'வயமா' என்பது வலிமை மிக்க விலங்கு. வேங்கை மரத்தின் மஞ்சள் நிறப் பூக்கள் கரும்பாறைமேல் உதிர்ந்து கிடப்பதைப் புலியென எண்ணி மருளும் காட்சி சங்கப் பாடல்களில் பல இடங்களில் வருகிறது. சோழர் தம் கொடியில் புலியைப் பொறித்தனர்.

இப்பெயர்கள் புலியின் கோட்டையும் பாய்ச்சலையும் வலிமையையும் சொல்கின்றன. இவற்றுள் கோடு இன்றைய அறிவியலுக்கும் பெரிதும் பயன்படுகிறது. மனிதரின் கைரேகையைப்போல, ஒரு புலியின் கோடுகள் மற்றொரு புலிக்கு அமைவதில்லை. காட்டில் பொருத்தப்பட்ட தானியங்கி ஒளிப்படக் கருவிகள் எடுக்கும் படங்களில் அக்கோடுகளை ஒப்பிட்டே இன்று புலிகள் கணக்கிடப்படுகின்றன. ஆனால், கோட்டைக் கொண்டு புலியை அடையாளம் காணலாமே தவிர, அதன் எடையை அறிய இயலாது. அதற்குப் புலியையே அளக்க வேண்டும்.

ஓரினம், பல உருவம்

1758ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ் புலிக்கு அறிவியல் பெயர் சூட்டினார். அக்காலத்தில் புலிகள் மேற்கே துருக்கியின் கிழக்குப் பகுதி முதல் கிழக்கே பசிபிக் பெருங்கடலை ஒட்டிய உருசியக் காடுகள் வரையிலும், தெற்கே பாலித் தீவு வரையிலும் பரவி வாழ்ந்தன. பனிமலை, புல்வெளி, மழைக்காடு, வறண்ட காடு, சதுப்பு நிலம் எனப் பலவகை நிலங்கள் அவற்றின் உறைவிடமாக இருந்தன.

அவ்விடங்களில் சிலவற்றின் புலிகளைப் பற்றிக் கிடைத்துள்ள அளவுகள் பின்வருமாறு.

| இடம் | ஆண் புலி (கிலோ) | பெண் புலி (கிலோ) |
|---|---|---|
| சித்வான், நேபாளம் | 200 – 260 | சராசரி 140 |
| நாகரஹொளே, கருநாடகம் | 209 – 227 | 177 (ஒரு புலி மட்டும்) |
| சிகோதே-அலின், உருசியா | சராசரி 176 | சராசரி 118 |
| சுமத்திரா, இந்தோனேசியா | 100 – 140 | 75 – 110 |
| சுந்தரவனம், வங்கதேசம் | — | 75 – 80 (மூன்று புலிகள்) |
| பாலி, இந்தோனேசியா (அழிந்தது) | 90 – 100 | 65 – 80 |

இவ்வட்டவணை இரு செய்திகளைத் தெளிவாக்குகிறது. முதலாவது, எவ்விடத்திலும் ஆண் புலி பெண் புலியைவிடப் பெரியது. ஆகவே, ஓரிடத்து ஆணை மற்றோர் இடத்துப் பெண்ணோடு ஒப்பிடுதல் தவறு. இரண்டாவது, பாலித் தீவின் ஆண் புலி நேபாளப் பெண் புலியைவிடச் சிறியது.

வேறுபாடு எடையில் மட்டும் இல்லை, உடற்கட்டிலும் உண்டு. உருசியப் புலியின் மயிர் குளிர்காலத்தில் நீண்டு அடர்ந்திருக்கும். நிறம் சற்று வெளிறியிருக்கும். வயிற்றுப் பக்கத்தில் தடித்த கொழுப்புப் படலம் இருக்கும். இந்தியப் புலியின் மயிர் குட்டையானது, நிறம் பளிச்சென்றிருக்கும், தோளும் கழுத்தும் திரண்டிருக்கும். சுமத்திராப் புலியின் நிறம் அடர்ந்தது, கோடுகள் நெருக்கமானவை, ஆண் புலியின் கன்னத்தில் தாடிபோல் மயிர் வளர்ந்திருக்கும். சுந்தரவனத்துப் புலி மெலிந்த உடல் வாய்ந்தது.

குளிரும் உடலும்

வடக்கே செல்லச் செல்லப் புலி பெரிதாகும் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் கருத்து. இதற்கு ஓர் அறிவியல் அடிப்படை உண்டு. 1847ஆம் ஆண்டில் ஜெர்மானிய உயிரியலாளர் கார்ல் பெர்க்மான், குளிர்ந்த நிலத்தில் வாழும் விலங்குகள் வெப்ப நிலத்தில் வாழும் தம் உறவு விலங்குகளைவிடப் பெரியனவாக இருக்கும் என்று எடுத்துக்காட்டினார். இது 'பெர்க்மான் விதி' எனப்படுகிறது.

இதன் காரணத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு செ.மீ. பக்கம் உள்ள கனசதுரக் கட்டை ஒன்றின் பருமன் 1. அதன் மேற்பரப்பு 6. இரண்டு செ.மீ. பக்கம் உள்ள கட்டையின் பருமன் 8. அதன் மேற்பரப்பு 24. சிறிய கட்டையில் ஒரு பங்கு பருமனுக்கு ஆறு பங்கு மேற்பரப்பு. பெரிய கட்டையில் ஒரு பங்கு பருமனுக்கு மூன்று பங்கே. உடலின் வெப்பம் மேற்பரப்பின் வழியாகவே வெளியேறுகிறது. எனவே, பெரிய உடல் தன் வெப்பத்தை மெதுவாக இழக்கும். அண்டாவில் காய்ச்சிய வெந்நீர் நெடுநேரம் சூடாக இருக்க, அதிலிருந்து குவளையில் எடுத்த நீர் விரைவில் ஆறிவிடுவதும் இதனாலேயே. உறைநிலைக்குக் கீழே 30 பாகை வரை குளிரும் சிகோதே-அலின் மலைக்காட்டில் பெரிய உடல் புலிக்கு நன்மை தருகிறது.

ஆயினும் அட்டவணையை மீண்டும் நோக்கினால் இவ்விதி மட்டும் போதாது என்பது புலப்படும். சித்வான், இமயமலையின் அடிவாரத்தில் தராய் எனப்படும் சமவெளியில் உள்ளது. அங்குக் கோடையில் கடும் வெப்பம் நிலவும். ஆனால், அந்நிலத்து ஆண் புலி இன்றைய உருசியப் புலியைவிட எடை மிகுந்ததாக இருக்கிறது.

மேலும் ஒரு சான்று இந்தியத் துணைக்கண்டத்திலேயே உள்ளது. நாகரஹொளே நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 12 பாகை வடக்கில் இருக்கிறது. தமிழ்நாட்டின் முதுமலை, கருநாடகத்தின் பந்திப்பூர், கேரளத்தின் வயநாடு ஆகியவற்றோடு தொடர்ச்சியாக அமைந்த காடு அது. சுந்தரவனமோ ஏறத்தாழ 22 பாகை வடக்கில் இருக்கிறது. குளிர் ஒன்றே காரணம் என்றால் சுந்தரவனத்துப் புலி நாகரஹொளேப் புலியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். உண்மையில் அதன் எடை பாதிக்கும் குறைவு. ஆகவே வேறொரு காரணத்தையும் தேட வேண்டும்.

இரையும் உருவமும்

அக்காரணம் இரை. ஒரு புலி ஓராண்டில் சராசரியாக ஐம்பது பெரிய விலங்குகளை வேட்டையாடுகிறது. காட்டிலுள்ள இரை விலங்குகளுள் பத்தில் ஒரு பங்கை மட்டும் உண்டால்தான் அவற்றின் தொகை குறையாமல் நிலைக்கும். எனவே, ஒரு புலி வாழ்வதற்கு ஏறக்குறைய ஐந்நூறு இரை விலங்குகள் உள்ள நிலம் தேவை. அவ்விலங்குகள் பெரியனவா, சிறியனவா, நெருங்கி வாழ்கின்றனவா, சிதறி வாழ்கின்றனவா என்பவை புலியின் வாழ்க்கையை முடிவு செய்கின்றன.

நாகரஹொளேயில் காட்டுமாடு, கடமான், புள்ளிமான், காட்டுப்பன்றி ஆகியவை மிகுதி. வளர்ந்த ஆண் காட்டுமாடு 700 கிலோவுக்கும் மேல் எடையுள்ளது. ஆண் கடமான் 200 கிலோவைத் தாண்டும். இத்தகைய விலங்கை வீழ்த்துவதற்குத் திரண்ட தோளும் வலிய தாடையும் வேண்டும். வீழ்த்திய பின் பல நாளுக்கு உணவும் கிடைக்கும். பெரிய இரை பெரிய உடலைக் கோருகிறது; பெரிய உடலைத் தாங்கவும் செய்கிறது.

சித்வானில் ஆற்றோரப் புல்வெளிகளில் மான்கள் செறிந்து வாழ்கின்றன. எனவே, அங்கு ஒரு பெண் புலிக்கு ஏறத்தாழ 20 சதுர கி.மீ. நிலம் போதுமானதாக இருக்கிறது. உருசியக் காட்டிலோ செம்மானும் காட்டுப்பன்றியும் பரந்த நிலத்தில் சிதறிக் கிடக்கின்றன. அங்கு ஒரு பெண் புலிக்கு ஏறத்தாழ 400 சதுர கி.மீ. நிலம் வேண்டியிருக்கிறது. சித்வானில் இருபது பெண் புலிகள் வாழக்கூடிய பரப்பு அங்கு ஒரு பெண் புலிக்கே ஈடாகிறது.

சுந்தரவனத்தின் நிலை வேறு. இந்தியாவிலும் வங்கதேசத்திலுமாக ஏறத்தாழ 10,000 சதுர கி.மீ. பரப்பில் விரிந்த அலையாத்திக் காடு அது. தமிழ்நாட்டில் பிச்சாவரத்தைக் கண்டவர்கள் அத்தகைய காட்டின் தோற்றத்தை ஓரளவு அறிவர். நாள்தோறும் இருமுறை கடல்நீர் ஏறி இறங்கும். தரை முழுவதும் சேறு. சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கான மூச்சுவேர்கள் ஈட்டிபோல் நிமிர்ந்து நிற்கும். ஒரு தீவிலிருந்து மற்றொரு தீவுக்குப் புலி நீந்தியே செல்ல வேண்டும். அங்கு அதற்குக் கிடைக்கும் முதன்மையான இரை புள்ளிமானும் காட்டுப்பன்றியுமே. நீர்எருமை, சதுப்புநில மான் ஆகியவை முற்காலத்தில் அங்கு வாழ்ந்தன; இன்று அவை அங்கு இல்லை. இரையின் அளவு சிறுத்ததும், வேறு காட்டுப் புலிகளோடு தொடர்பின்றித் தனித்திருப்பதும் சுந்தரவனத்துப் புலியின் உடல் சிறுத்ததற்குக் காரணங்களாக இருக்கலாம் என அறிஞர் கருதுகின்றனர். ஆனால், சிறியது என்பதால் அதனை எளியதாகக் கருதுதல் கூடாது. தேன் எடுக்கவும் மீனும் நண்டும் பிடிக்கவும் அக்காட்டிற்குள் செல்லும் மக்கள் அதன் வலிமையை நன்கு அறிவர்.

தீவுகளின் சிறுபுலி

பனியூழிக் காலத்தில் உலகின் நீரில் ஒரு பகுதி பனிக்கட்டியாக உறைந்திருந்தது. அப்போது கடல்மட்டம் இன்றுள்ளதைவிட மிகவும் தாழ்ந்திருந்தது. சுமத்திரா, ஜாவா, பாலி ஆகியவை ஆசிய நிலப்பரப்போடு இணைந்திருந்தன. புலிகள் நிலத்தின் வழியே நடந்தே அங்குச் சென்றன. பின்னர்ப் பனி உருகிக் கடல்மட்டம் உயர்ந்தது. நிலம் தீவுகளாகப் பிரிந்தது. புலிகளும் பிரிந்தன.

பாலித் தீவின் பரப்பு 6,000 சதுர கி.மீ.க்கும் குறைவு. அடர்ந்த புதர்க்காடு, அளவான இரை, குறுகிய நிலம் ஆகிய சூழலில் குறைந்த உணவால் நிறைவடையும் சிறிய உடலே தலைமுறை தலைமுறையாக நிலைபெற்றது. புதர்களிடையே நுழைந்து செல்வதற்கும் அதுவே ஏற்றதாயிற்று. இவ்வாறு தீவுகளில் பெரிய விலங்குகள் தலைமுறைதோறும் சிறுத்துவருவதை உலகின் பல பகுதிகளில் அறிஞர் கண்டுள்ளனர்.

தீவுப் புலிகளைத் தனித் துணையினங்களாகப் பிரிப்பதா, ஒன்றாகச் சேர்ப்பதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 2017இல் அறிஞர் குழு ஒன்று, ஆசிய நிலப்பரப்பின் புலிகள், தீவுகளின் புலிகள் என இரு துணையினங்களே போதும் என்றது. 2018இல் வெளிவந்த மரபணு ஆய்வு, இன்று எஞ்சியுள்ள புலிகள் ஆறு தனிக் குழுக்களாகப் பிரிந்திருப்பதைக் காட்டியது. பெயரிடுவதில் வேறுபட்டாலும், தீவுப் புலிகள் தமக்கென ஒரு நெடிய வரலாறு உடையவை என்பதில் ஐயமில்லை.

அளவில் நேரும் பிழைகள்

புலியின் அளவைப் பற்றிய பழைய குறிப்புகள் பெரும்பாலும் வேட்டைக்காரர்கள் எழுதியவை. அவற்றை அப்படியே ஏற்றுக்கொள்ளுதல் இயலாது. அதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, நீளத்தை அளக்கும் முறை. இறந்த புலியை நேராகக் கிடத்தி, மூக்கு நுனியில் ஒரு முளையும் வால் நுனியில் ஒரு முளையும் அடித்து, இடைப்பட்ட தொலைவை அளப்பது ஒரு முறை. உடலின் மேடு பள்ளங்களை ஒட்டி அளவுநாடாவை வளைத்து அளப்பது மற்றொரு முறை. இரண்டாம் முறையில் அதே புலி பல செ.மீ. கூடுதல் நீளமுடையதாகத் தோன்றும். 1930இல் ஜிம் கார்பெட் குமாவுன் பகுதியில் சுட்ட புகழ்பெற்ற புலியின் நீளம் 10 அடி 7 அங்குலம். அது வளைவுகளை ஒட்டி எடுத்த அளவு. அதனை, முளை அடித்து அளந்த மற்றொரு புலியோடு ஒப்பிட்டால் முடிவு பிழையாகும். புலியின் முழு நீளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வால் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, வயிற்றிலுள்ள உணவு. பசித்த புலி ஒரே வேளையில் 30 கிலோ வரை இறைச்சி உண்ணக்கூடியது. 1967இல் உத்தரப் பிரதேசத்தின் வட பகுதியில் சுடப்பட்ட ஓர் ஆண் புலியின் எடை 389 கிலோ எனக் குறிக்கப்பட்டது. அது முந்தைய இரவில் எருமைக் கன்று ஒன்றைத் தின்றிருந்தது. அதன் உண்மையான உடல் எடை அதைவிடக் குறைவு என்பது தெளிவு.

மூன்றாவது, தேர்ந்தெடுத்தல். வேட்டைக்காரர் பெருமைக்காகப் பெரிய புலிகளைத் தேடிச் சுட்டனர். அவற்றையே பதிவும் செய்தனர். நடுத்தரப் புலிகள் குறிப்பேட்டில் இடம்பெறவில்லை. எனவே, பழைய சராசரிகள் உண்மையைவிட உயர்ந்திருக்க வாய்ப்புண்டு.

உருசியப் புலி பற்றிய செய்தி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 350 கிலோவைத் தாண்டும் புலிகள் அங்கு வாழ்வதாகப் பல நூல்கள் கூறிவந்தன. 2005இல் வெளிவந்த ஆய்வு ஒன்று பழைய பதிவுகளையும் புதிய அளவுகளையும் ஒப்பிட்டது. அத்தகைய பேருருவங்களுக்கு நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை. பழைய பதிவுகளில் ஆண் புலியின் சராசரி எடை 215 கிலோ. இன்று 176 கிலோ. இந்த இறக்கத்திற்குப் பெரிய புலிகளைத் தேர்ந்தெடுத்துப் பதிந்தது ஒரு காரணமாகலாம். இரை குறைந்ததும் ஒரு காரணமாகலாம். 1940களில் அக்காட்டில் ஏறத்தாழ நாற்பதுக்கும் குறைவான புலிகளே எஞ்சியிருந்தன. இன்றுள்ளவை அச்சிறு கூட்டத்தின் வழித்தோன்றல்கள். அதுவும் ஒரு காரணமாகலாம்.

இன்று ஆய்வாளர்கள் புலியைக் கொல்வதில்லை. மயக்க மருந்து செலுத்தி, எடை பார்த்து, நீளம் அளந்து, கழுத்தில் ரேடியோப் பட்டை அணிவித்து மீண்டும் காட்டில் விடுகின்றனர். இது கடினமான பணி. ஆகவே, அளக்கப்படும் புலிகளின் எண்ணிக்கை மிகக் குறைவு. அட்டவணையில் சுந்தரவனத்திற்கு மூன்று பெண் புலிகளின் அளவும், நாகரஹொளேக்கு ஒரே ஒரு பெண் புலியின் அளவும் இருப்பது இதனாலேயே. ஓர் எண்ணைப் படிக்கும்போது, 'எத்தனை புலிகள் அளக்கப்பட்டன? எம்முறையில் அளக்கப்பட்டன?' என்று வினவுதல் அறிவுடைமை.

| தெரிந்து தெளிவோம் |
|---|
| முன்னர் இந்தியாவில் புலிகளின் அடிச்சுவடுகளைக் கொண்டு அவற்றைக் கணக்கிட்டனர். ஆண் புலியின் சுவடு சதுர வடிவை ஒத்தும், பெண் புலியின் சுவடு சற்று நீண்டும் இருக்கும். ஆனால், சேற்றில் பதிந்த சுவடு விரிந்து பெரிதாகத் தோன்றும். இறுகிய மண்ணில் பதிந்தது சிறிதாகத் தோன்றும். ஒரே புலி இரு புலிகளாக எண்ணப்படவும் கூடும். எனவே, 2006 முதல் ஒளிப்படக் கருவிகளின் துணைகொண்ட கணக்கெடுப்பு நடைமுறைக்கு வந்தது. |

சிறிய புலி மறைந்தால்

எது பெரிய புலி என்ற வினாவிற்கு விடை தேடும்போது ஒரு செய்தி கண்ணில் படாமற் போகிறது. சிறிய புலிகளே முதலில் மறைந்தன. பாலித் தீவில் உறுதி செய்யப்பட்ட கடைசிப் புலி 1937இல் சுடப்பட்டது. ஜாவாத் தீவின் மேரு பெதிரிக் காட்டில் புலி இருந்ததற்கான உறுதியான அடையாளம் 1976க்குப் பின் கிடைக்கவில்லை. காஸ்பியன் கடலை அடுத்த நாடுகளில் வாழ்ந்த புலியும் 1970களில் மறைந்தது.

காஸ்பியன் புலிக்கு ஒரு வழி எஞ்சியிருந்தது. அருங்காட்சியகங்களில் இருந்த அதன் எலும்பையும் தோலையும் ஆராய்ந்த அறிஞர், அது உருசியப் புலியின் மிக நெருங்கிய உறவு என்று 2009இல் கண்டறிந்தனர். அதனால் கஜகஸ்தான் நாடு, பல்காஷ் ஏரிக்கு அருகிலுள்ள ஆற்றுப்படுகையில் உருசியப் புலியின் வழியினரை மீண்டும் குடியேற்றும் பணியை மேற்கொண்டுள்ளது.

இந்தியாவிலும் இத்தகைய முயற்சி வெற்றி பெற்றுள்ளது. இராஜஸ்தானின் சரிஸ்கா காட்டில் ஒரு புலிகூட இல்லை என்பது 2005இல் தெரியவந்தது. 2008இல் அதே மாநிலத்தின் ரணதம்போர் காட்டிலிருந்து புலிகள் ஹெலிகாப்டரில் கொண்டுவரப்பட்டன. மத்தியப் பிரதேசத்தின் பன்னா காட்டிலும் புலிகள் அற்றுப்போயின. 2009 முதல் அம்மாநிலத்தின் பிற காடுகளிலிருந்து அங்குப் புலிகள் கொண்டுவரப்பட்டன. அவை குட்டிகள் ஈன்று பெருகின. அருகிலேயே, ஒத்த காட்டில் வளர்ந்த உறவினப் புலிகள் இருந்தமையால் இவை இயன்றன.

சுந்தரவனத்திற்கு அத்தகைய அண்டைக் காடு எது? 200 கிலோ எடையுள்ள புலியைச் சேறும் மூச்சுவேர்களும் நிறைந்த அந்நிலத்தில் கொண்டுவந்து விட்டால் அது புள்ளிமானை மட்டும் உண்டு, உப்புநீரில் நீந்தி வாழுமா? சுந்தரவனத்துப் புலி எப்போதேனும் மறைய நேர்ந்தால், அதன் இடத்தை நிரப்ப அதனை ஒத்த வேறொரு புலி இவ்வுலகில் இல்லை. உயர்ந்துவரும் கடல்மட்டம் அக்காட்டின் கரைகளை அரித்துவரும் இக்காலத்தில் இது எண்ணிப்பார்க்க வேண்டிய செய்தி.

2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 3,682 புலிகள் உள்ளன. அவற்றுள் இந்தியச் சுந்தரவனத்தில் வாழ்பவை ஏறத்தாழ நூறு. மொத்த எண்ணிக்கையை மட்டும் நோக்கினால் நூறு என்பது சிறுதொகையாகத் தோன்றும். ஆனால், அந்த நூறும் வேறெங்கும் இல்லாதவை.

சுந்தரவனத்துப் புலி, பெரிய புலி ஒன்றின் குறைந்த வடிவம் அன்று. அந்நிலத்திற்கு அதுவே முழுமையான புலி. பனிக்காட்டுப் புலியைப் பனிக்காடும், தராய்ப் புலியைப் புல்வெளியும், சேற்றுப் புலியைச் சேறும் வடித்தன. வடித்த நிலம் அழிந்தால் அவ்வுருவத்தை மீண்டும் வடிக்க எவராலும் இயலாது. ஆகவே, புலியைக் காத்தல் என்பது, அது வாழும் ஒவ்வொரு நிலத்தையும் அந்நிலத்தின் இரை விலங்குகளோடு காத்தலே ஆகும்.

சொல்லும் பொருளும்

வரி – கோடு
இரை – விலங்கின் உணவாகும் உயிர்
மருளுதல் – அஞ்சுதல், மயங்குதல்
உறைவிடம் – வாழுமிடம்
பருமன் – ஒரு பொருள் அடைத்துக்கொள்ளும் இடத்தின் அளவு
அலையாத்திக் காடு – கடலும் நிலமும் சேருமிடத்தில் உப்புநீரில் வளரும் காடு
மூச்சுவேர் – காற்றைப் பெறுவதற்காகச் சேற்றுக்கு மேலே வளரும் வேர்
முளை – தரையில் அடிக்கும் சிறு கட்டை
வழித்தோன்றல் – பின்வந்த தலைமுறை

மதிப்பீடு

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. 'கொடுவரி' என்னும் சொல் புலியின் ______ குறிக்கிறது.
(பாய்ச்சலை / கோடுகளை / வலிமையை)

2. பெர்க்மான் விதி வெளியிடப்பட்ட ஆண்டு ______.
(1758 / 1847 / 1937)

3. சுந்தரவனத்துப் புலியின் முதன்மையான இரை ______.
(காட்டுமாடு / கடமான் / புள்ளிமான்)

ஆ. ஒலி வேறுபாடறிந்து பொருள் எழுதுக.

1. புலி – புளி
2. இரை – இறை
3. கரை – கறை
4. ஆண் – ஆன்

இ. பிரித்து எழுதுக.

1. அடிச்சுவடு
2. கடல்மட்டம்
3. கரும்பாறை
4. எவ்விடம்

ஈ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. தமிழில் புலியைக் குறிக்கும் சொற்கள் நான்கினை எழுதுக.
2. புலியின் நீளத்தை அளக்கும் இரு முறைகள் யாவை?
3. சரிஸ்கா காட்டிற்குப் புலிகள் எங்கிருந்து கொண்டுவரப்பட்டன?

உ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.

1. குளிர் ஒன்றே புலியின் உடல் பெரிதாவதற்குக் காரணம் அன்று என்பதை நாகரஹொளே, சுந்தரவனம் ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு விளக்குக.
2. 389 கிலோ என்னும் எடையை அப்படியே ஏற்றுக்கொள்ள இயலாதது ஏன்?

ஊ. ஒரு பக்க அளவில் எழுதுக.

'சுந்தரவனத்துப் புலி மறைந்தால் அதன் இடத்தை வேறொரு புலி நிரப்ப இயலுமா?' பாடத்தில் உள்ள செய்திகளைக் கொண்டு உம் கருத்தை எழுதுக.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் வாழும் ஊருக்கு அருகிலுள்ள புலிகள் காப்பகத்தின் பெயரை அறிக. அங்கு வாழும் இரை விலங்குகளின் பெயர்களைத் தமிழில் எழுதி வருக.

2. தமிழ்நாட்டில் உள்ள ஐந்து புலிகள் காப்பகங்களின் பெயர்களை வீட்டில் உள்ள பெரியவர்களிடம் கேட்டும் நூல்களில் தேடியும் தொகுக்க. அவற்றை நிலப்படத்தில் குறிக்க.

3. வகுப்பிலுள்ள ஒரு மேசையின் ஓரத்தை நேராக ஒருமுறையும், அதன்மேல் பையொன்றை வைத்து மேடு பள்ளத்தை ஒட்டி ஒருமுறையும் அளந்து பார்க்க. இரு அளவுகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்து வகுப்பில் கூறுக.